பன்னிரண்டு பேர் மடிக்கும் துணி

இக்காஸ்ட் நகரின் துணித் தொழிற்சாலையில் மதிய இடைவேளை. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். முழுநேர வேலைக்கு நடுவே கிடைக்கும் இந்த அரைமணியில்தான் கிளோறியா வணிகக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறாள். மேசையில் கூட இருக்கும் மூன்று பெண்களும் அவளுக்காகக் கரண்டிச் சத்தம்கூட எழாமல் சாப்பிடுகிறார்கள். தொலைபேசித் திரையில் பயிற்சிக் கேள்வி: பன்னிரண்டு பேர் மடிக்கும் துணியில் மூன்றிலொரு பங்கை இயந்திரம் மடித்தால், எத்தனை பேரை வேலையிலிருந்து நீக்கலாம்? இந்தக் கேள்வியை எழுதியவன் ஒருநாளும் துணி மடித்திருக்கமாட்டான். நான்கு என்று தொடுகிறாள். திரை பச்சையாகிறது. மேசையிலும் அவளோடு சேர்த்து நான்கு பேர். “சரி வந்திட்டுதோ பிள்ளை?” நூல் அறுத்த விரல்களால் அமலராணி அக்கா தன் பொரித்த மீனை அவளது பெட்டிக்குள் வைக்கிறார். “ஓம் அக்கா.” “அப்ப இன்னும் கொஞ்சம் இருந்து படி. உன்ர துணியையும் நாங்கள் மூண்டு பேரும் மடிக்கிறம்.” கிளோறியா அடுத்த கேள்வியைத் தொடாமல் தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள்.