வேலிக்கு இந்தப் பக்கம்

"கொஞ்சம் உட்காரேன். நீயா ஆடப்போறே?" என்றார் கணவர்.

அவள் உட்காரவில்லை. டென்னிஸ் மைதானத்தின் கம்பிவலையை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

பத்திரிகைகள் 'புயல்' என்று எழுதியது இவளைத்தான். எட்டு பெரிய கோப்பைகளை வென்றவள். முழங்கால் சொன்னபடி கேட்காமல் போகவே, மூன்று வருடங்களுக்கு முன் ஆட்டத்தை விட்டாள். பயிற்சிப் பள்ளி தொடங்கச் சொல்லி ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மாணவி. அவள் வீட்டிலேயே இருந்தாள்.

ஆரம்பத்தில் மாணவியின் மட்டையில் பந்து படவே மாட்டேன் என்றது. பட்டால் வேலியைத் தாண்டியது. புயல் விடவில்லை. விடிந்ததும் எழுப்பி மைதானத்துக்கு இழுத்துப் போனாள். திட்டினால் மாணவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால்தான் பேச்சு வரும்.

இன்று கிளப் போட்டியின் இறுதி ஆட்டம். முதல் செட் கைவிட்டுப் போயிற்று. இடைவேளையில் மாணவி வேலியோரம் வந்து நின்றாள். கால் வலிக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள்.

புயல் கம்பி வழியாக விரலை நீட்டி அவள் கையைத் தொட்டாள்.

"ஜெயிக்கல்லாம் வேண்டாம்மா. கடைசிப் பந்து வரைக்கும் ஆடிட்டு வா. அது போதும்."

இரண்டாவது செட்டில் மாணவியும் எதிராளியும் மாறி மாறி முந்தினார்கள். பந்து எழும்பும்போதெல்லாம் புயல் கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய கோப்பைகளின் இறுதி ஆட்டத்தில்கூட இவள் இப்படி நடுங்கியதில்லையே என்று கணவருக்குச் சிரிப்பு வந்தது.

"அப்போ மட்டை என் கையில இருந்துச்சு" என்றாள்.

மயிரிழையில் தோல்வி. ஆனால் எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு வந்த மாணவியின் முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வருடத்துக்கும் பெயர் கொடுத்துவிடு என்றாள் முதல் வேலையாக. புயல் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தது.

அறுபது வயதைத் தாண்டிய பெண்களுக்கான பிரிவில் இரண்டாம் பரிசு வாங்கிய அந்த மாணவி, மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"இப்போ தெரியுதா, உன் ஆட்டம் ஒண்ணைக்கூட அம்மா ஏன் நேர்ல வந்து பார்க்கலேன்னு?"