துபாய் ஜீப்

சார்ஜர் ஒயரைத் துண்டித்த கத்தரிக்கோலோடு பிடிபட்டாள் இந்திஸார்.

"ஐயோ, எல்லாரும் ஓடி வாங்களேன்! அண்ணி பண்ணின வேலையைப் பாருங்க!"

மைஸா போட்ட கூச்சலில், கேக் வெட்டக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் பின்னறைக்கு வந்துவிட்டது.

மைஸாவின் மகன் யஸனுக்கு அன்று பிறந்தநாள். தாய்மாமன் குதைபா கொண்டுவந்திருந்த சிவப்பு ஜீப், குழந்தை உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி ஜீப், அந்த அறையில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. "பஸ்ராவிலேயே இப்படி ஒண்ணு கிடையாது. துபாய்லேர்ந்து வரவழைச்சேன்" என்று வந்ததிலிருந்து பத்துத் தடவை சொல்லியிருந்தான் குதைபா.

இந்திஸார் அவன் மனைவி. கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை.

"ஏன் அண்ணி வெட்டினீங்க? சொல்லுங்க!"

இந்திஸார் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள்.

"அவ என்னத்தைச் சொல்லுவா? தனக்கொரு பிள்ளை இல்லையேன்னு வயித்தெரிச்சல்!" என்றாள் மூத்த நாத்தனார் சுஹாம். "கண்ணு பட்டா ஓதி ஊதிடலாம். கத்தரிக்கோல் பட்டா என்னடி செய்யறது?"

யாரோ சிரித்தார்கள்.

யஸன் ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் தலையைத் தடவக் கை நீட்டினாள் இந்திஸார். மைஸா பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என் பிள்ளையைத் தொடாதீங்க! உங்களை அண்ணின்னு கூப்பிடவே நாக்கு கூசுது."

எல்லோரும் குதைபாவைப் பார்த்தார்கள். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இவளைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இப்பவாவது தெரியுதா? இனிமே இவளை எந்த விசேஷத்துக்கும் கூட்டிட்டு வரமாட்டேன். போதுமா?"

கேக்கும் தேநீரும் கூடத்தைச் சுற்றி வந்தன. இந்திஸார் உட்கார்ந்திருந்த மூலைக்கு மட்டும் வரவில்லை.

திரும்பும்போது காரில் ரேடியோ பாடிக்கொண்டு வந்தது. ஆற்றுப் பாலம் ஏறியதும் குதைபா ரேடியோவை அணைத்தான்.

"நல்லவேளை. காரணத்தை யார்கிட்டயும் சொல்லாம இருந்தே."

"உங்ககிட்டதான் முதல்லயே வந்து சொன்னேனே? ஜீப்புல பெரிய கம்பெனி பேரு, சார்ஜர்ல ஒரு எழுத்துகூட இல்ல. தொட்டா சுடுது. பிளாஸ்டிக் உருகற நாத்தம். குழந்தைங்க வேற அது மேலயே ஏறிக் குதிக்கிறாங்க. அஷார் சந்தையில வாங்கின போலின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்பவே பிடுங்கிப் போட்டிருக்கலாமே?"

"பிடுங்கினா ஏன்னு கேப்பாங்களே! துபாய்னு சொல்லிட்டு, போலின்னு எந்த வாயால சொல்றது?"

இந்திஸார் கைப்பையிலிருந்து அந்தச் சார்ஜரை எடுத்து அவன் பக்கம் வைத்தாள்.

"ஒட்டுப் போட்டு மறுபடி சொருகிடுவாங்கன்னு எடுத்துட்டு வந்துட்டேன். பிள்ளைக்கு நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்." குதைபா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான். "எப்படியோ என் மானம் தப்பிச்சுது. உனக்கென்ன, அவங்க எப்பவும் பேசறதுதானே!"