வெளுத்துப்போன ஹெடர் ஃபைல்

"மறுபடியும் வெளுத்துப்போச்சுங்க" என்று மௌனிகா போனில் சொன்னதுதான் தாமதம், ஆனந்தகுமார் ஹெல்மெட்டைத் தேடினான்.

இருவருக்கும் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனி. தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டி நிறுத்துகிற கருவிக்குப் புரோகிராம் எழுதுகிறார்கள். மௌனிகா வாரத்தில் பாதி நாள் எலப்புள்ளியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள்.

புரோகிராம் எழுதும் எடிட்டரில் ஒவ்வொரு வகைச் சொல்லுக்கும் ஒரு நிறம் உண்டு. மற்ற ஃபைல்களெல்லாம் நோம்பிக்கு விளக்குப் போட்ட வீடு மாதிரி மினுமினுக்க, புரோகிராமின் தலைப்பகுதியான ஹெடர் ஃபைல் மட்டும் அடிக்கடி வெறும் வெள்ளை எழுத்தாக நிற்கும். அது என்ன மொழி என்று எடிட்டர் தப்பாக எடுத்துக்கொண்டால் அப்படித்தான். திரையின் கீழ் மூலையில் அமுக்கி, வருகிற பட்டியலில் சரியான மொழியைத் தொட்டால் தீர்ந்தது.

முதல் தடவை அவன் வந்து காட்டியபோதே மௌனிகாவுக்கு அது புரிந்துவிட்டது. மோர் கொண்டுவந்து பின்னால் நின்ற அவள் அம்மா வள்ளியாத்தாள்கூட, இவ்வளவுதானா என்று கேட்டாள். ஆனாலும் மௌனிகா ஒவ்வொரு முறையும் அவனைத்தான் கூப்பிடுவாள். போனிலேயே சொல்லி முடிக்கலாம் என்று தெரிந்தும் அவன் பைக்கைத்தான் எடுப்பான். நல்லா இருக்கிறது இல்லையா கூத்து!

வருவான், சரிசெய்வான், மோர் குடிப்பான், மழை வருமா என்று பேசுவான், கிளம்புவான். மனசில் இருப்பது மட்டும் வாய்க்கு வராது. இப்போது அடுத்த புதன்கிழமை முதல் அவனுக்குப் புனேவில் வேலை. இன்றைக்கும் கேட்காமல் திரும்பினால் எல்லாம் முடிந்தது.

வண்டியை நிறுத்தும்போதே வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடுகிற வாசம் மூக்கைத் துளைத்தது. நோம்பி நொடி எதுவும் இல்லாமல் அம்மா காலையிலேயே அரிசி ஊறப்போட்டுவிட்டாள், கேட்டால் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுகிறாள் என்றாள் மௌனிகா. காலையில் ஃபைல் நன்றாகத்தான் இருந்ததாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வெள்ளை.

அவன் கீழ் மூலையைப் பார்த்தான். ஹெடர் ஃபைலை எடிட்டர் ஒரு மொழிக்குப் பதில் அதன் பங்காளி மொழியாக நினைப்பது உண்டு. இங்கேயோ வெப்சைட்டுக்கு அலங்காரம் பண்ணுகிற மொழியின் பெயர் இருந்தது. எந்த எடிட்டரும் தானாக இப்படிக் குழம்பாது, யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

இந்த வீட்டில் லேப்டாப்பில் வேலை செய்கிறவள் ஒருத்திதான். ஆனந்தகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. என்னை வரவழைக்கத்தான் இத்தனையுமா!

"இது தானா மாறலீங்க. நீங்கதான மாத்தறீங்க?" என்று மெல்லக் கேட்டான்.

மௌனிகா திகைத்தாள். "நானா? ஆபீஸ்ல இருந்துட்டே நீங்கதான் மாத்தி உடறீங்கன்னு நெனச்சனுங்க. இங்க வர்றதுக்கு ஒரு சாக்குன்னு."

தான் இல்லை என்று அவன் சத்தியம் பண்ணாத குறை. பிறகு, சரிபண்ணத் தெரிந்தும் எதற்காகக் கூப்பிட்டாள் என்று கேட்டான். போனில் சொல்லாமல் அவன் எதற்காக இத்தனை தூரம் வந்தானாம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். இதற்குமேலும் வாயைத் திறக்காவிட்டால் எப்படி?

"ஞாயித்துக்கெழம அப்பா அம்மாவக் கூட்டிட்டு வரட்டுங்களா?"

மௌனிகா தலையாட்டினாள். சந்தோஷத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்த பிறகுதான், அப்படியென்றால் ஃபைலில் கை வைத்தது யார் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

வள்ளியாத்தாள் தட்டு நிறையக் கச்சாயத்தோடு உள்ளே வந்து, அதை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே நான் அந்த மூலைய அமுக்க மாட்டனுங்க தம்பி, கச்சாயம் எடுத்துக்கோங்க."