நிற்காத அழைப்பு

மகளின் கல்யாணம் நின்றுவிட்டதை அப்பா எல்லாச் சொந்தக்காரர்களிடமும் சொல்லி முடித்திருந்தார். ஆனாலும் மணிக்கொரு தரம் அத்தனை பேர் போனுக்கும், ‘எங்கள் திருமணத்துக்கு வாருங்கள்’ என்று அழைப்பு போய்க்கொண்டே இருந்தது.

“மானம் போகுதுடா! அழைப்பு அனுப்பற அந்தக் கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போடு!” என்று மகனிடம் கத்தினார்.

“அது நம்ம வீட்டுல இல்லப்பா. எங்கேயோ வெளிநாட்டுல இருக்கற வாடகை சர்வர். நிறுத்தற வரைக்கும் தானா ஓடிக்கிட்டே இருக்கும்.”

“அப்ப நிறுத்தித் தொலையேன்!”

“பாஸ்வேர்டு என்கிட்ட இல்ல. ஏற்பாடு பண்ணினவர்கிட்டதான் இருக்கு.”

“எவன் அவன்? கால்ல விழுந்தாவது கேக்கறேன். நம்பரைக் குடு.”

“உங்க போன்லயே இருக்குப்பா. ‘வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுறதெல்லாம் ஒரு வேலையா’ன்னு நேத்து விரட்டி விட்டீங்களே, அவர்தான்.”

அப்பா போனை எடுத்து அந்த நம்பரைத் தேடினார். பிறகு அழைத்தார்.

“மாப்ளே...” என்றார்.