முப்பத்தொரு முட்கள்

ஏரிக் கெண்டைகளின் செவுளில் இருந்த தட்டைப்புழுக் குஞ்சுகளை ஜெசிந்தா நான்கு ஆண்டுகளாக ஆராய்ந்துவந்தாள். ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் முப்பத்தொரு முட்கள் இருந்தன. வளர்ந்த புழுவைப் பார்க்காமல் அது என்ன இனம் என்று சொல்ல முடியாது. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரமே இருந்தது. "பேர் தெரியாத இனம்னு எழுதி முடிச்சிடும்மா" என்றார் பேராசிரியர்.

மறுநாள் காலை, அவளுக்குக் கெண்டை பிடித்துத் தரும் மீனவர் கங்காதரன் ஒரு நீர்க்காகத்தைக் கொண்டுவந்தார்.

"இப்பதான் வலையில சிக்கிச் செத்துச்சு. இதுவும் அந்தக் கெண்டையத்தான திங்குது?"

குடலைத் திறந்து கழுவியதும் அரிசி நீளத்தில் ஒரு புழு நெளிந்தது. நுண்ணோக்கியில் வைத்து முட்களை எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடியும் எண்ணினாள். வரிசைகூட அதேதான்.

"அண்ணே, மீன்ல இருந்த குஞ்சு இங்க வந்துதான் வளருது" என்று அவரை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். "மஞ்சளா முத்து மாதிரி ஏதோ வெளிய வருதேம்மா."

"முட்டை" என்றாள் ஜெசிந்தா. "கொஞ்சம் தள்ளிக்கங்க, நானும் பாக்கணும்."