செம்புத் தண்ணீர்

கண்ணாடித் தொட்டிக்குள் கடல்நீரில் வளரும் பவளம் நேற்றைவிட வெளுத்திருந்தது.

அவன் தண்ணீரை எடுத்துச் சோதித்தான். உப்பு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. காரத்தன்மை சரி. எல்லாம் சரியாக இருக்க, உயிர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நத்தைகள் வேறு கண்ணாடியை விட்டு உதிர்ந்து மணலில் மல்லாந்து கிடந்தன.



இன்று ஞாயிற்றுக்கிழமை. மஞ்சரி வரும் நாள்.

அவன் மனைவிதான். கோபித்துக்கொண்டு போனவள், குடித்தனம் நடத்தத் திரும்பவில்லை. தொட்டி அவளுடையது. அவள் தங்கியிருக்கும் விடுதி அறையில் இதை வைக்க இடமில்லை. அதனால் ஞாயிறுதோறும் வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போவாள். அவனிடம் பேசுவதும் தண்ணீரைப் பற்றித்தான். அந்த நாலு வார்த்தைக்கு அவன் வாரம் முழுக்கக் காத்துக் கிடப்பான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

சவரம் செய்துகொள்ளப் போனான். துண்டை மறந்துவிட்டு, கன்னத்தில் நுரையோடு கூடத்துக்கு வந்தான்.

அம்மா தொட்டியருகே நின்றிருந்தாள்.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நிரப்புவது அம்மாவின் பொறுப்பு. அதற்கென்றே வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வைத்திருந்தான். அவள் கேனைத் தொடவில்லை. ராத்திரியெல்லாம் தண்ணீர் ஊறிய செம்புச் சொம்பைத் தொட்டிக்குள் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

பிடுங்கினான். தரையெல்லாம் தண்ணீர்.

மனிதனுக்கு நல்லது என்று குடிக்கிற செம்புத் தண்ணீர், பவளத்துக்கு விஷம். தொட்டியிலுள்ள பாறைக்குள் செம்பு ஏறிவிட்டால் லேசில் இறங்காது. இனி என்ன செய்து என்ன!

"தெரியாம ஊத்தீட்டியாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று மனசு கெஞ்சியது.

"தெரிஞ்சுதான் தெனமும் ஊத்துனேன் சாமி. செம்பு ஆகாதுன்னு அவளே எங்கிட்டச் சொல்லியிருக்கா." அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமையானா சவரம் பண்ணி, சட்டை தேச்சுப் போட்டுக்கிட்டு வாசலையே பாத்துட்டு நிக்கற. அவ உன்னையப் பாக்கவா வர்றா? என்ற கண்ணால பாக்க முடியல. இது செத்தாத்தான் நீ பொழைப்ப."

ஆத்திரம் பொங்கியது. கத்தத்தான் வாயைத் திறந்தான். பாழாய்ப்போன அழுகைதான் வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லையே.

அழைப்பு மணி அடித்தது. நுரையை அவசரமாகத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

மஞ்சரி நேராகத் தொட்டிக்குத்தான் போனாள். நத்தைகள் உதிர்வதாக அவன் நேற்றே செய்தி அனுப்பியிருந்தான். அதைப் படித்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். செம்பைச் சோதிக்கும் மருந்தை வாங்கி வந்திருந்தாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

நிறம் மாறியது.

அவள் முகம் செத்துப்போனது. இந்தப் பவளத்தைக் கட்டைவிரல் அளவில் வாங்கி வளர்த்தவள் அவள்.

"செம்பை யாரு இதுல விட்டது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

பெற்றவளை இவளிடம் காட்டிக்கொடுப்பதா?

"நான்தான்" என்றான்.

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். பவளம் கொஞ்சம் வாடினால் சோறு இறங்காமல் கிடந்தவன் இவன் என்று தெரியாதவளா? சும்மா சொல்லாதீங்க என்பாள். இது அத்தை வேலைதானே என்பாள். நீங்க போய் இப்படிச் செய்வீங்களா என்பாள்.

அவள் யோசிக்கவேயில்லை.

"அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.