எதிர்வீட்டுத் திரை

வெள்ளத்தன்று அணையின் மதகைத் திறந்த பொறியாளர் பியூலா மேல் தவறில்லை என்று விசாரணைக் குழு சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வெள்ளத்தைத் தொடராக்கிய தொலைக்காட்சி, ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் மனதுக்கேற்ற கதையைக் காட்டியது. வெள்ளத்தில் கணவரைப் பறிகொடுத்த எதிர்வீட்டு சரோஜாவின் திரையில், பியூலா அபாயச் சங்கை ஊதாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அன்றோடு சரோஜா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பியூலா அவதூறு வழக்குப் போட்டாள். சமரசம் பேச வந்த தொலைக்காட்சியின் வக்கீல், "எல்லாம் கற்பனைன்னு முதல்லயே போட்டுடறோம் மேடம். வேணும்னா உங்க வீட்டுத் திரையில உங்களைக் கதாநாயகி ஆக்கிடறோம்," என்றார்.

"எங்க வீட்டுல என்னை எல்லாருக்கும் தெரியும் சார். எதிர்வீட்டுல மாத்துங்க."

"அவங்க மனசு கேக்கறதைத்தான் அவங்களுக்குக் காட்ட முடியும்."

பியூலா சமரசத் தாளில் கையெழுத்துப் போடாமல் நேரே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். சரோஜா திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு சங்குச் சத்தம் கேட்டுச்சா இல்லையாக்கா? கோர்ட்டுல அதை மட்டும் வந்து சொல்லுங்க."

சரோஜா உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த திரையை அணைத்துவிட்டு வந்தாள்.

"கேட்டுச்சு," என்றாள். "வீட்டுப் பத்திரத்தை எடுத்துட்டு வாங்கன்னு நான்தான் அவரைத் திருப்பி அனுப்புனேன். என்னைக்கு வரணும், சொல்லு."